வெள்ளிக்கிழமைத் தேயிலையில் ஒரு வாடை

ஆண்டு மலருக்கு எட்டுப் பக்கத்துக்குள் எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். முப்பத்தெட்டு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் நின்றவனுக்கு எட்டுப் பக்கம். என் கையெழுத்தும் பெரியது. ஆகவே ஒரே ஒரு விஷயத்தை எழுதுகிறேன். அதையும் எழுதத் தூண்டியவர்கள், சென்ற மாதம் வட்டகொடையில் என் வீட்டுக்கு வந்த இரண்டு பேர்தான்.

முதலில் வந்தவர் ஓர் இளம் தொழிற்சாலை அதிகாரி. ஈரப்பதம் அளக்கும் புதுக் கருவி ஒன்றைப் பையில் கொண்டுவந்திருந்தார். மூக்கையும் நாக்கையும் நம்பித் தேயிலை செய்த காலம் முடிந்துவிட்டது என்றார். நான்கு நாள் கழித்து வந்தவர் நுவரெலியாவில் தியான வகுப்பு நடத்துகிறவர். அளப்பதும் சோதிப்பதும் வெளி விஷயம், மனம் அடங்கினால் உண்மை தானாகத் தெரியும் என்றார். இருவருக்கும் நல்ல தேநீர் கொடுத்தேன். இருவரும் பேசிக்கொண்டே குடித்து முடித்தார்கள். எதைக் குடித்தோம் என்று இருவருக்குமே தெரிந்திருக்காது. அன்று எனக்கு இருமல், வாதாட முடியவில்லை. அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் தகப்பனாருக்குத் தலவாக்கலைக் கடைவீதியில் மளிகைக் கடை இருந்தது. என்னைக் கண்டியில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து இரசாயனமும் பௌதிகமும் படிக்கவைத்தார். படிப்பு முடிகிற தறுவாயில் நெருப்புக்காய்ச்சலில் இரண்டு மாதம் படுத்துவிட்டேன். படுக்கையில் வேறு வேலை இல்லாததால் மூச்சை எண்ண ஆரம்பித்தேன். ஒன்றிலிருந்து பத்து வரை. நடுவில் ஒரு நினைப்பு வந்து எண்ணிக்கை தவறினால் மறுபடியும் ஒன்று. காய்ச்சல் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கடையில் வந்து தங்கிய ஒரு பரதேசியிடம் இதைச் சொன்னபோது, வரும் நினைப்பை விரட்டாதே, அது எப்போது, எந்த வழியாக உள்ளே வந்தது என்று மட்டும் பார் என்றார். நான் பெற்ற உபதேசம் அவ்வளவுதான். இன்றும் காலையில் அரை மணி நேரம் உட்காருகிறேன். முழங்கால் மடங்க மறுப்பதால் இப்போது நாற்காலியில்.

முப்பதுகளின் நடுவில், வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் உதவி டீமேக்கராகச் சேர்ந்தேன். தொழிலாளர்கள் என்னைச் சின்னையா என்பார்கள். எனக்கு மேலே, தேயிலை தயாரிப்பு முழுவதற்கும் பொறுப்பான டீமேக்கர் அம்பலவாணர். யாழ்ப்பாணத்துக்காரர். குளிரோ வெயிலோ, கறுப்புக் கோட்டைக் கழற்றமாட்டார். வெப்பமானி சொல்லாத எதையும் நம்பமாட்டார். வருடத்தில் ஒரு தடவை கோயிலுக்குப் போவார். அதுவும் மனைவி கடிதம் போட்டால். கொழுந்து வாட்டும் மேல்மாடியில் ஒருநாள் விடிய நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டார்.

"என்ன காணும், நீர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தால் கொழுந்து தானாய் வாடுமோ?"

"நான் மூடாவிட்டாலும் வாடும் ஐயா."

"அப்ப கண்ணைத் திறந்து வைச்சுக்கொண்டு அதைப் பாரும்."

அதற்குப் பிறகு என் அறையிலேயே உட்கார்ந்தேன்.

அவர் தேநீர் சுவைத்துப் பார்க்கும் முறையை விவரமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாதிரியிலிருந்தும் சின்னத் தராசில் ஒரே எடை. கொதித்த கணமே தண்ணீர். ஒரு தடவை கொதித்து ஆறியதை மறுபடி சூடாக்கினால் கெட்டிலைப் பிடுங்கிக் கொட்டிவிடுவார். மூடிபோட்ட கோப்பையில் மணல் கடிகாரம் முடியும் வரை ஊறவைத்து, சாயத்தை வெள்ளைக் கிண்ணத்தில் வடித்து, ஊறிய இலையை மூடியின் மேல் கவிழ்த்து வைப்போம். முதலில் இலையை மோந்து பார்ப்பார். பிறகு ஒரு கரண்டி சாயத்தைச் சத்தம் கேட்க உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, வாளியில் துப்புவார். ஒரு கிண்ணத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் கரண்டியை மூன்று தடவை துடைப்பார். இரண்டு தடவை துடைத்ததை நான் பார்த்ததே இல்லை.

அந்த வருடம் கொழுந்து குவிகிற பருவம். கொழும்பில் எங்கள் தேயிலையை ஏலத்தில் விற்கும் தரகர்களிடமிருந்து ஓர் அறிக்கை வந்தது. எங்கள் தேயிலையில் சில பெட்டிகளில் வேற்று வாடை வீசுகிறது, புகையோ தூபமோ போல இருக்கிறது என்று. விலை விழுந்துவிட்டது. பெட்டி எண்களைப் பார்த்தால் எல்லாமே வெள்ளிக்கிழமை செய்த தேயிலை.

வெள்ளிக்கிழமை என்றதும் எல்லோருக்கும் ஒரே பெயர்தான் நினைவுக்கு வந்தது. கருப்பையா. தேயிலை உலர்த்தும் டிரையருக்கு அடியிலிருக்கும் பெரிய அடுப்புக்கு அவர்தான் பொறுப்பு. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். மற்ற நாட்களில் இரவு முழுவதும் கங்கு அணையாமல் காப்பார். வியாழன் இரவு மட்டும் அடுப்பை ஆறவிடுவார். வெள்ளி விடிய சாம்பலை வாரி, அடுப்பின் முகத்தைக் கழுவி, மஞ்சளும் குங்குமமும் இட்டு, எலுமிச்சை அறுத்து வைப்பார். பிறகு சாம்பிராணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலை முழுவதும் சுற்றிவந்து, கற்பூரம் ஏற்றி, அந்தச் சுடரிலிருந்தே அடுப்பைப் பற்றவைப்பார். நெருப்பு ஆறு நாள் உழைக்கிறது, ஓர் இரவாவது தூங்க வேண்டாமா என்பது அவர் நியாயம். அவர் வந்த நாளிலிருந்து யாரும் இதைத் தடுத்ததில்லை.

தேயிலை பக்கத்திலிருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும் சாமான் என்பது கடைக்காரன் மகனான எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தோட்டத்து மேலாளர் பெரிய துரைக்கும் தெரியும். இனிப் பூசை கிடையாது, மாதக் கடைசியில் கருப்பையாவுக்குப் பத்துச்சீட்டு என்றார். பத்துச்சீட்டு கையில் வந்தால் வேலை மட்டுமல்ல, லயத்துக் காம்பராவும், தோட்டம் கொடுத்த அந்த ஒற்றை அறை வீடும், போய்விடும். கருப்பையாவின் காம்பராவில் அவர், மனைவி இராமாயி, ஐந்து பிள்ளைகள், கண் தெரியாத அவர் அண்ணன் என்று எட்டுப் பேர். மாதக் கடைசிக்கு இரண்டு வாரம் இருந்தது.

அம்பலவாணர் ஒரு வெள்ளிக்கிழமை மாதிரியையும் ஒரு திங்கட்கிழமை மாதிரியையும் ஊற்றி வைத்து, "இது வெள்ளி, இது திங்கள். பாரும்" என்றார். பார்த்தேன். வெள்ளிக்கிழமைக் கிண்ணத்தில் சாம்பிராணி குப்பென்று அடித்தது. அவருக்கும் அப்படியே. வழக்கு முடிந்தது என்று அவர் கரண்டியை வைத்துவிட்டார்.

மறுநாள் விடிய மூச்சை எண்ணிக்கொண்டிருந்தபோது அந்தச் சாம்பிராணி வாசனை மனதில் வந்தது. வந்த வழியைப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது, என் மேல்தான். "இது வெள்ளி" என்று அவர் சொன்ன அந்தக் கணத்திலேயே வாசனை வந்துவிட்டிருந்தது. கரண்டி அப்போது இன்னும் மேசை மேல் இருந்தது. நான் சுவைத்தது கிண்ணத்தையா, அவர் சொன்ன சொல்லையா? பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. பிரித்துச் சொல்ல முடியாத ஒன்றை வைத்து எட்டுப் பேரை லயத்திலிருந்து இறக்குவதா?

அம்பலவாணரிடம் சொன்னேன். மனமே தேத்தண்ணி குடிக்குமென்றால் வாய் எதற்கு என்று சிரித்தார். நான் விடவில்லை. அடுத்த நாள், ஒரே திங்கட்கிழமை மாதிரியை இரண்டு கிண்ணத்தில் வடித்து, இடப்பக்கத்தது வெள்ளி என்று சொல்லி அவர் முன்னால் வைத்தேன். மேலதிகாரியிடம் அப்படிச் செய்தால் வேலை போகும் காலம் அது. அவர் இடப்பக்கத்தை உறிஞ்சி, முகத்தைச் சுளித்து, "இதிலை சாம்பிராணி மணக்குது" என்றார்.

"ஐயா, இரண்டும் ஒரே திங்கட்கிழமை."

கரண்டியைத் துடைத்தார். மூன்று தடவை முடிந்தும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீர் என்னை மடையனாக்கிப் போட்டீர்."

"முந்தாநாள் நானும் இதே மடையன்தான் ஐயா."

பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு சுண்ணாம்புத் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். "இனிக் குறியெல்லாம் கிண்ணத்துக்கு அடியிலை. வைக்கிறவன் குடிக்கக் கூடாது. குடிக்கிறவன் வைக்கக் கூடாது." வைக்கிறவர் அறைக்குள் நிற்கவும் கூடாது, முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று நான் சேர்த்தேன். ஒப்புக்கொண்டார். அவரிடம் எனக்குப் பிடித்தது இதுதான். தோற்றுப்போனால் தோல்வியையும் சட்டமாக எழுதிவிடுவார்.

சோதிக்க மூன்றாவது மாதிரி ஒன்று தேவைப்பட்டது. நொதிக்கப் பரப்பிய இலையில் கொஞ்சத்தைத் தனியே எடுத்து, பக்கத்தில் வேண்டுமென்றே சாம்பிராணி போட்டு, பிறகு உலர்த்தினோம். இப்போது திங்கள், வெள்ளி, சாம்பிராணி என்று மூன்று வகை. வகைக்கு மூன்றாக ஒன்பது கிண்ணம். ஒரு தடவை அவர் வைக்க நான் குடித்தேன். மறு தடவை நான் வைக்க அவர் குடித்தார். ஒவ்வொரு கிண்ணத்துக்கு முன்பும் நான் பத்து மூச்சு எண்ணி, மனதில் பெயர் எதுவும் நிற்கவில்லை என்று பார்த்த பிறகே கரண்டியைத் தொட்டேன். பெயர் நின்றால் மறுபடி ஒன்றிலிருந்து. அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. கண்ணைத் திறந்துகொண்டே குடித்தார். நான் ஒன்பதில் எட்டைச் சரியாகச் சொன்னேன். அவர் ஒன்பதையும் சொன்னார். தவறிய அந்த ஒன்று எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

ஆனால் விஷயம் தெளிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமைத் தேயிலையில் வாடை உண்டு. அது சாம்பிராணி வாடை இல்லை. சாம்பிராணித் தேயிலை இனிப்பாக மணந்தது. வெள்ளிக்கிழமையினது தொண்டையில் கசப்பாக நின்றது, ஈர விறகுப் புகை மாதிரி.

அப்படியானால் வெள்ளிக்கிழமையில் வேறு என்ன இருக்கிறது? அடுப்பு ஆறிப் பற்றுகிறது. அது ஒன்றுதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கருப்பையாவிடம் போனோம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி இல்லாமல் அடுப்பு மூட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். பூசையைத் துரை தடுத்திருந்தாலும், அந்த வெள்ளியும் அவர் விடியுமுன்னே வந்து ரகசியமாகச் செய்யத்தான் இருந்தார். அதை எங்களிடமே சொன்னார்.

"பத்துச்சீட்டு குடுத்தா வாங்கிக்கிறேங்க. சாமிக்குப் போடாம வெள்ளிக்கெழம நெருப்பு வைக்கமாட்டேன். வேணும்னா செவ்வாக்கெழமயும் சேத்து ஒருக்கா போடுறேன், அதுக்கு எனக்கு ஒண்ணும் நட்டமில்ல."

இராமாயி வாசலில் நின்றபடி, "ஆமா, வேல போற நேரத்துல சாமிக்கு ரெட்டைப் பூசை. ஏன் சின்னையா, எம்புருசனுக்குப் புத்தி இருக்கான்னும் ஒங்க கிண்ணத்துல பாத்துச் சொல்லுங்களேன்" என்றாள்.

கருப்பையா சொன்னதே எங்களுக்கு வழியாகியது. செவ்வாய்க்கிழமை, கங்கு அணையாத அடுப்பை வைத்துக்கொண்டே, சாம்பிராணிச் சட்டியுடன் வழக்கமான சுற்று. செவ்வாய் இரவு அடுப்பை ஆறவிட்டு, புதன் காலை சாம்பிராணி இல்லாமல் பற்றவைப்பது. பெரிய துரை கொழும்பு போயிருந்ததால் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

செவ்வாய் விடிய உட்கார்ந்தபோது மூச்சு பத்தை எட்டவே இல்லை. நான்கு, ஐந்து, மறுபடி ஒன்று. ஏன் என்று பார்த்தேன். சாம்பிராணி தப்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நானும் அந்தச் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறவன்தானே. அம்பலவாணருக்கு எதிர் ஆசை. சாம்பிராணி இல்லை என்றால் குற்றம் டிரையரில். டிரையர் அவர் பொறுப்பு. என் ஆசையை அடக்கிவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. அது இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். அது கைவைக்க முடியாதபடி கிண்ணங்களை அடுக்கிக்கொள்ளலாம். உட்காருவது எனக்கு அதைக் காட்டியது. அதற்குப் பூட்டுப் போட்டது சுண்ணாம்புக் குறி. இந்த இரண்டில் எதை விட்டிருந்தாலும் அன்று நான் தவறியிருப்பேன்.

செவ்வாய்த் தேயிலை சுத்தமாக இருந்தது. சட்டியின் புகை நொதிக்கிற அறையைச் சும்மா கடந்துபோனது, இலையில் தங்கவில்லை.

புதன்கிழமை கருப்பையா அடுப்புப் பக்கமே திரும்பவில்லை. விறகுக் கொட்டிலில் ஒரு கட்டை மேல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானே நெருப்புக் குச்சியைக் கிழித்து மூட்டினேன். என் சட்டை இரண்டு இடத்தில் பொசுங்கியது. முதலில் உலர்ந்து விழுந்த தேயிலையில் ஒரு மாதிரி, பிறகு அரை மணிக்கு ஒன்று என்று மொத்தம் ஆறு மாதிரி எடுத்தோம். அடியில் குறி போட்டு, இடம் மாற்றி வைத்து, இருவரும் தனித்தனியே குடித்து, தனித்தனியே எழுதினோம். முதல் இரண்டில் அதே கசப்புப் புகை. மூன்றாவதில் லேசாக. மிச்சம் மூன்றும் சுத்தம். இருவர் தாளும் ஒத்துப்போயின.

அம்பலவாணர் அன்றிரவே நெருப்பை இறக்கச்சொன்னார். மறுநாள் கறுப்புக் கோட்டைக் கழற்றினார். அன்றுதான் முதலும் கடைசியுமாக அவரைக் கோட்டில்லாமல் பார்த்தேன். ஆறிய அடுப்புக்குள் விளக்கை வைத்துவிட்டு, மேலே காற்றுச் சூடாகும் இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்காவது குழாயின் வளைவில், மயிரிழை போல விளக்கு வெளிச்சம் தெரிந்தது. வெடிப்பு. இரும்பு சூடேறி விரிந்தால் அது மூடிக்கொள்ளும். ஆறினால் திறக்கும். குளிர்ந்த புகைபோக்கி புகையை இழுப்பதற்குள், அந்த வழியாகப் புகை தேயிலைக்குப் போய்விடுகிறது. மற்ற நாட்களில் அடுப்பு ஆறுவதே இல்லை. அதனால் அது தெரியவே இல்லை.

முகமெல்லாம் கரியோடு வெளியே வந்தார். இதை மூடி மறைத்து, பூசையை நிறுத்தி, கங்கை அணையாமல் வைத்திருந்தால் வாடையும் நின்றிருக்கும், அவர் பெயரும் தப்பியிருக்கும். அது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் கரியைத் துடைத்துக்கொண்டு, "துரை வந்தவுடனை போவம். நீரும் வாரும்" என்றார்.

துரை கடைசிவரை கேட்டார். இடையில் ஒரு தடவை மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பினார். புதுக் குழாய் கேட்டு அம்பலவாணர் ஏற்கனவே எழுதியிருந்ததும், செலவு என்று தள்ளிப்போட்டது துரைதான் என்பதும் அந்த அறையில் யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கருப்பையாவுக்குப் பத்துச்சீட்டு இல்லை என்றார். பிறகு நேராக என்னைப் பார்த்து, அப்படியானால் சாம்பிராணியால் தேயிலைக்கு எந்தக் கெடுதியும் கிடையாதா என்று கேட்டார்.

அம்பலவாணர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் மூன்றாவது வகைக் கிண்ணங்களை வைத்தவனே நான். நொதிக்கிற இலைக்குப் பக்கத்தில் வைத்தால் வாசனை ஏறும், சுற்றிக்கொண்டு போனால் ஏறவில்லை, ஆனால் அதை ஒரு நாள்தான் பார்த்திருக்கிறோம் என்றேன். ஒரு நாள் போதாது என்றார் துரை. பூசை இருக்கட்டும், சட்டி உள்ளே வரக்கூடாது. அடுப்பு வாய் வெளியே விறகுக் கொட்டிலைப் பார்த்துத்தானே இருக்கிறது, அங்கேயே வைத்துக்கொள்ளட்டும் என்று முடித்தார். புதுக் குழாய் வரும்வரை அடுப்பை ஆறவிடவும் கூடாது.

இதைக் கருப்பையாவிடம் சொல்லும் பொறுப்பு எனக்கு. கேட்டு முடித்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னைய உள்ள நிறுத்திட்டு, சாமிய வெளிய நிறுத்திட்டீங்களே சின்னையா."

எனக்கு அது சுட்டது. ஆனாலும் திருப்பிச் சொன்னேன். "நான் கண்டதைத்தான் சொல்ல முடியும் கருப்பையா. ஒங்களுக்காக ஒரு பாதி, சாமிக்காக ஒரு பாதின்னு வெட்டிச் சொன்னா, அடுத்த தடவ நான் சொல்றத யாரும் நம்பமாட்டாங்க. அப்ப ஒங்களயும் காப்பாத்த முடியாது."

அந்த வாரம் முழுவதும் அவர் எனக்கு முகம் கொடுக்கவில்லை. காலையில் நான் அடுப்படிக்குப் போனால் விறகு எடுக்கப் போய்விடுவார்.

வெள்ளிக்கிழமை விடிய விறகுக் கொட்டிலில் பூசை நடந்தது. நல்ல மூடுபனி. உருட்டு அறை, சலிக்கிற அறை ஆட்கள் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். அம்பலவாணரும் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றார். சாம்பிராணிப் புகை பனியோடு சேர்ந்து தண்ணீர் விழும் பீலியடிப் பக்கம் போயிற்று. கருப்பையா விபூதித் தட்டை ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டு வந்தார். என் முன்னால் வந்ததும் நிற்பாரா, கடந்துபோவாரா என்று எனக்குத் தெரியவில்லை. நின்றார். நான் விரலை நீட்டியபோது தட்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கண்ண மூடிக்கிட்டு மோந்து பாத்துச் சொல்லுங்க சின்னையா. இது கடையில வாங்குன திருநூறா, நம்ம அடுப்புச் சாம்பலா?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இராமாயி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கண்ணை மூடி, நிதானமாக மோந்து பார்த்தேன். ஒரு தடவை இது என்று தோன்றியது. மறு தடவை அது என்று தோன்றியது.

"தெரியல கருப்பையா."

"நெசமாவே தெரியலயா?"

"நெசமா தெரியல."

கருப்பையா தலையை ஆட்டினார். "அப்ப நீங்க சொன்னது அம்புட்டும் நெசந்தான்" என்று சொல்லி, மூன்று விரலால் அள்ளி என் நெற்றி நிறையப் பூசிவிட்டார்.